அளவு ஜாக்கெட் உண்டு, அளவு பேன்ட் இல்லை: ஒரு காக்கி உடையின் நிகழ்வு ஆய்வு

போன நவம்பரில், கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையோரம் கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் எங்கள் தையல் கடைக்கு ஒரு காக்கி பேன்ட் வந்தது. பின்தையல் கவட்டையில் தொடங்கி மேலே ஒரு சாண் தூரத்துக்குப் பிரிந்திருந்தது. கொண்டுவந்தவள் கேரளப் போலீசில் இரண்டு வருஷ சர்வீஸ் உள்ள பெண். பிளாஸ்டிக் கவரை மேஜைமேல் வைத்துவிட்டு, "சித்தி, இத ஒட்டுப் போட்டுக் குடுங்க, நாளைக்கு டூட்டி இருக்கு" என்றாள். ஒட்டுப் போட்டால் பத்து நிமிஷ வேலை. ஆனால் கிழிந்த இடத்தைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. துணி நைந்து போகவில்லை, நூலும் நல்ல நூல்தான். புதுத் துணி இந்த இடத்தில் பிரிந்தால் குற்றம் தையலில் இருக்காது, வெட்டில்தான் இருக்கும். நான் இந்த மேஜையில் உட்கார்ந்து இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. அதற்கு முன் அப்பா உட்கார்ந்திருந்தார்.

எப்படிக் கிழிந்தது என்று கேட்டேன். ஒரு தேர்த் திருவிழா பந்தோபஸ்து. கூட்டத்தில் மயங்கி விழுந்த ஒரு பாட்டியைத் தூக்க இவள் குந்தி உட்கார்ந்திருக்கிறாள். எழும்போது சத்தம் கேட்டதாம். பாட்டியை ஆம்புலன்ஸ் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, மாற்று ஆள் வரும்வரை மூன்று மணி நேரம் ஒரு சுவரில் சாய்ந்தே நின்றிருக்கிறாள். "எல்லாரும் நான் டயர்டா இருக்கேன்னு நெனச்சாங்க" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த ஒரு பேன்ட்டைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு நோயாளியை டாக்டர் பார்ப்பதுபோல வரிசையாக எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் இந்தத் துணியின் கதை அவளுடைய அம்மாவிடம் போகிறது, அங்கிருந்து என் அப்பாவின் நோட்டுக்குப் போகிறது.

பிரித்துப் பார்த்ததில்

முதலில் உடம்பை அளந்தேன். இடுப்பு 29, சீட்டு (உட்காரும் இடத்தின் சுற்றளவு) 40, தொடை 23. பிறகு பேன்ட்டை அளந்தேன். இடுப்பு 34, சீட்டு 41, தொடை 24. பின்பக்கம் கவட்டையிலிருந்து இடுப்புப் பட்டைவரை 14 அங்குலம். அவள் குந்தி உட்கார வேண்டுமானால் அந்த இடத்தில் 16 தேவை.

இந்த எண்களைப் பார்த்தாலே, தையல் தெரிந்தவர்களுக்கு என்ன நடந்திருக்கும் என்று புரிந்துவிடும். ஆண்களுக்கு பேன்ட் வெட்டும்போது எங்கள் தொழிலில் ஒரு வாய்ப்பாடு உண்டு. சீட்டிலிருந்து ஆறைக் கழித்தால் இடுப்பு. சீட்டு 40 என்றால் இடுப்பு 34. தைத்த கடைக்காரர் இவளுடைய சீட்டை மட்டும் அளந்திருக்கிறார், மீதியை வாய்ப்பாடு போட்டுக் கொடுத்திருக்கிறது. இவளுக்கோ சீட்டுக்கும் இடுப்புக்கும் நடுவில் 11 அங்குலம் வித்தியாசம். ஐந்து அங்குலத் துணி இடுப்பில் சும்மா தொங்குகிறது. அந்த ஐந்தையும் பெல்ட்டை இழுத்துக் கட்டித்தான் சமாளிக்கிறாள். பெல்ட் லூப்புகளுக்குப் பின்னால் துணி விசிறி மடிப்பாகக் குவிந்து கிடக்கும். அதை மறைக்கச் சட்டையை இன்னும் இழுத்து உள்ளே விடவேண்டும்.

அசிங்கமாக இருப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆபத்து வேறு இடத்தில். இடுப்பில் பிடிப்பு இல்லாத பேன்ட், நடக்க நடக்கக் கீழே இறங்கும், இடுப்பெலும்பில் மாட்டிக்கொண்டுதான் நிற்கும். அப்போது கவட்டைத் தையல் உடம்பை விட்டு ஒன்றரை அங்குலம் கீழே தொங்கிக்கொண்டிருக்கும். கவட்டை கீழே இறங்கிவிட்டால் கால் அகலாது. குந்தி உட்கார்ந்தால் முழுப் பாரமும் நான்கு தையல்கள் சந்திக்கிற அந்த ஒரு புள்ளியில் போய் நிற்கும். அந்தப் பெண் எழுந்தபோது முறிந்தது அந்தப் புள்ளிதான்.

உள்மடிப்பையும் பார்த்தேன். அரை அங்குலம்கூட விட்டு வைக்கவில்லை. ஆண்கள் பேன்ட்டில் பின்பக்கம் இடுப்பில் கட்டாயம் ஒன்றரை அங்குலம் உள்ளே விட்டுத்தான் தைப்போம், ஆள் பருத்தால் பிரித்து விடலாம் என்பதற்காக. பெண்ணுக்கு எதற்கு என்று நினைத்திருப்பார்கள்போல.

அம்மாவின் சேலை

பெல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு அவள் சொன்னாள்: "அம்மாகிட்ட ஒரு பழைய பேன்ட் இருக்கு சித்தி. உங்கப்பா தச்சது. அதுல இந்தப் பிரச்சினையே வரலேன்னு அம்மா சொல்லும்."

அவளுடைய அம்மாவை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன், சிறு வயசிலிருந்தே தெரியும். வேலந்தாவளம் பக்கம் வீடு. எண்பதுகளில் போலீசில் சேர்ந்து சில வருஷங்களுக்கு முன் ஓய்வு பெற்றவர். எங்கள் பக்கம் தமிழ் வீடுகளிலிருந்து போலீசுக்குப் போன பெண்கள் அப்போது விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். மறுநாள் அவர் ஒரு மஞ்சள் பையோடு வந்தார். பையில் இரண்டு காக்கிச் சேலை, ஒரு ஜாக்கெட், ஒரு பேன்ட்.

முதலில் சேலையைத்தான் விரித்தேன். டெரிகாட்டன், ஓரம் மங்கிப்போயிருந்தது. கொசுவத்தை எடுத்துப் பார்த்தால் ஐந்து மடிப்பும் மேலே ஒரு பட்டையோடு சேர்த்துத் தைத்திருந்தது. பட்டையின் இரண்டு முனையிலும் கொக்கி. இருட்டிலும் ஒரு நிமிஷத்தில் கட்டிவிடலாம். என் அம்மா தைத்துக் கொடுத்ததாம். முந்தானையை மடித்துத் தோள்பட்டை ஸ்ட்ராப்புக்கு அடியில் செருகுவதற்கு ஜாக்கெட்டில் ஒரு சின்னத் துணி வளையம் வைத்திருந்தது. "அப்படியும் ஏழு ஊக்கு குத்துவேன் கண்ணு" என்றார் அக்கா. "தோள்ல ரெண்டு, இடுப்புல மூணு, மீதி ரெண்டு கையிருப்பு. பஸ்ல ஏறி சோதனை போடறப்போ எவளாவது முந்தானைய இழுத்துட்டா?"

எங்கள் எல்லையைத் தெரிந்தவர்களுக்கு அந்தச் சோதனை எதற்கு என்று சொல்லவேண்டியதில்லை. வாளையார், வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று வரிசையாகச் செக்போஸ்ட்டுகள். தமிழ்நாட்டு ரேஷன் அரிசி இந்தப் பக்கம் வரும். இடுப்பைச் சுற்றி அரிசிப் பையைக் கட்டிக்கொண்டு, மேலே சேலையைச் சுற்றி, மாசமாக இருப்பதுபோல நடந்துவரும் பெண்களைப் பற்றி இங்கே எல்லார் வீட்டிலும் ஒரு கதை இருக்கும். பெண்ணைச் சோதனை போடுவதென்றால் பெண்தான் போடவேண்டும், கண்ணியம் கெடாமல் போடவேண்டும் என்பது வெள்ளைக்காரன் 1898-இல் போட்ட குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே உண்டு. பெண் போலீஸ் இல்லாத காலத்தில் ஊரில் யாராவது ஒரு அம்மாவைக் கூப்பிட்டு வருவார்கள். அக்கா சேர்ந்தபிறகு அந்த வேலை அவருக்கு வந்தது. அரிசி கட்டியவளும் சேலை, பிடிக்கப் போனவளும் சேலை. "ஓடினா ரெண்டு பேருக்கும் ஒரே கஷ்டம்தான்" என்றார்.

சேலை ஏன் என்று எனக்கு வெகுநாள் ஒரு சந்தேகம். அடக்க ஒடுக்கத்துக்காக என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் அந்தக் காலத்துத் தமிழ், மலையாளப் படங்களை ஒரு முறை நினைத்துப் பாருங்கள். ஆண் கான்ஸ்டபிளே அரை நிஜாரில்தான் நிற்பான், முழங்காலுக்குக் கீழே பட்டி சுற்றியிருக்கும். இந்திரா காந்தி 1973 அக்டோபர் 27-ஆம் தேதி கோழிக்கோட்டில் பெண்களுக்கென்று தனிப் போலீஸ் ஸ்டேஷனைத் திறந்துவைத்தார். ஆசியாவிலேயே முதல் என்பார்கள். அதே 1973-இல்தான் தமிழ்நாட்டிலும் ஒரு சப்-இன்ஸ்பெக்டர், ஒரு ஹெட் கான்ஸ்டபிள், இருபது கான்ஸ்டபிள் என்று பெண் போலீஸ் தொடங்கியது. அன்றைக்கு ஆண் கான்ஸ்டபிளின் உடையை அப்படியே பெண்ணுக்கும் கொடு என்று யாராவது சொல்லியிருந்தால் அது அரை நிஜார் என்றுதான் ஆகியிருக்கும். அதனால் உடுப்பை யோசிக்க வேண்டிய இடத்தில் நிறத்தை மட்டும் மாற்றினால் போதும் என்று ஆகிவிட்டது. வீட்டில் கட்டுகிற சேலையே காக்கியில்.

அது நீண்டகாலம் நீடித்த ஏற்பாடுதான். பக்கத்திலுள்ள கர்நாடகத்தில் 2018-இல்தான் பெண் போலீசார் காக்கிச் சேலையை விட்டுச் சட்டை பேன்ட்டுக்கு வரவேண்டும் என்று உத்தரவு போனது. உத்தரவு போட்ட அப்போதைய டிஜிபி நீலமணி ராஜுவும் ஒரு பெண். அந்த மாநிலத்துக்கு அந்தப் பதவியில் முதல் பெண்.

அக்காவுக்குச் சேலைமேல் வெறுப்பு ஒன்றும் இல்லை. மாசமாக இருந்தபோது அதுதான் காப்பாற்றியது என்கிறார், கடைசி மாசம்வரை கொசுவத்தைத் தளர்த்திக்கொண்டே போனாராம். பாத்ரூம் விஷயத்திலும் சேலைதான் சௌகரியம். பேன்ட் வந்தபிறகு பெல்ட்டைக் கழற்று, சட்டையை எடு, விசில் கயிறு நனையாமல் பிடி, மறுபடி எல்லாவற்றையும் போடு. அதனால் பந்தோபஸ்து நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருப்பது அம்மாவுக்கும் வழக்கம், இப்போது மகளுக்கும் வழக்கம். இதற்கு என் கத்தரி போதாது.

ஓடுவது, சுவர் ஏறுவது, ஜீப்பின் பின்பக்கம் ஏறுவது, இந்த மூன்றும்தான் சேலையில் ஆகாதவை. பிறகு ராத்திரி. 2005-இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தைத் திருத்தி, பொழுது சாய்ந்தபிறகு பெண்ணைக் கைது செய்வதென்றால் பெண் அதிகாரி வேண்டும், மாஜிஸ்திரேட் அனுமதி வேண்டும் என்று சேர்த்தார்கள். நல்ல திருத்தம். ஆனால் அதோடு பெண் போலீஸ் வீட்டுக் கதவை ராத்திரி இரண்டு மணிக்குத் தட்டுவதும் கூடிப்போனது. அந்த நேரம் அக்கா பேன்ட்டுக்கு மாறியிருந்தார்.

அளவு எங்கிருந்து வந்தது

இங்கே கொஞ்சம் வழி விலகிப் போகிறேன்.

பெண்கள் தையல் கடைக்கு வந்தால் எங்கள் ஊரில் முதல் கேள்வி, "அளவு ஜாக்கெட் கொண்டாந்தீங்களா?" என்பதுதான். உடம்பைத் தொட்டு அளக்கமாட்டார்கள். சரியாக இருக்கிற பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொடுத்தால் அதைப் பார்த்து வெட்டுவார்கள். அந்த ஜாக்கெட்டும் அதற்கு முந்திய ஒன்றைப் பார்த்து வெட்டியதாக இருக்கும். அம்மா, பாட்டி என்று அப்படியே பின்னால் போகும். ஜாக்கெட்டுக்கு இது நன்றாகவே நடந்தது.

சேலையிலிருந்து பேன்ட்டுக்கு மாறச் சொன்னபோது எந்தப் பெண்ணிடமும் அளவு பேன்ட் என்று ஒன்று கிடையாது. அம்மா போட்டதில்லை, பாட்டி போட்டதில்லை. டெய்லருக்கும் தெரியாது. கையில் இருந்தது ஆண்களின் வாய்ப்பாடு ஒன்றுதான். பெண் போலீஸ் உடுப்பின் பிரச்சினை முழுவதும் இந்த ஒரு இடத்தில் இருக்கிறது என்பது என் கட்சி. பெண் பேன்ட் போடலாமா என்று பேசப் பத்துப் பேர் இருந்தார்கள், டேப்பை எடுத்து அளக்க ஆள் இல்லை.

டேப்பைத் தானே எடுத்தவர்கள் சிலர் இருந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஆலிஸ் ஸ்டெபின்ஸ் வெல்ஸ் என்ற பெண் 1910-இல் லாஸ் ஏஞ்சலிஸ் போலீசில் பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டார். அவருக்கென்று உடுப்பு ஒன்றும் இல்லை. தரையைத் தொடுகிற பாவாடையும் மேல்சட்டையும் தானே வரைந்து தானே தைத்துக்கொண்டார். போலீசுக்கு டிராமில் டிக்கெட் கிடையாது, பேட்ஜைக் காட்டினால் போதும். இவர் காட்டினால் புருஷனுடைய பேட்ஜைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள் என்று கண்டக்டர் சண்டைக்கு வருவானாம். கடைசியில் 'பெண் போலீஸ், எண் 1' என்று தனியாக ஒரு பேட்ஜ் அடித்துக் கொடுத்தார்கள். எனக்கு இந்தக் கதையில் பிடித்தது அந்தத் தையல்தான். பெண் போலீஸே தனக்கு டெய்லரும் ஆகிவிட்டார்.

லண்டனில் 1919-இல் பெண் ரோந்துப் படை தொடங்கியபோது அதற்குத் தலைமை வகித்த சோஃபியா ஸ்டான்லி உடுப்பை வரைந்தார், ஹாரட்ஸ் கடை தைத்துக் கொடுத்தது. பெரிய கடை, பெரிய விலை. ஆனால் போட்டவர்களுக்கு அது பிடிக்கவில்லை. கழுத்தை மூடுகிற கனத்த கோட்டு, முழங்கால்வரை பூட்ஸ், நாள் முழுக்க நடை. வரைந்தவர் பெண்தான் என்றாலும் நடக்கிற காலை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லைபோல. இன்னொன்று, அந்தப் பெண்களுக்குக் கைது செய்யும் அதிகாரமே 1923-இல்தான் வந்தது. உடுப்பு நாலு வருஷம் முந்திக்கொண்டது.

நம் நாட்டுக் கணக்கும் சிறியதல்ல. 1930-களிலேயே திருவிதாங்கூர் சமஸ்தானம் பெண்களைப் போலீசில் எடுத்திருக்கிறது. நாகர்கோவிலும் செங்கோட்டையும் அன்றைக்கு அந்தச் சமஸ்தானத்துக்குள்தான், 1956 நவம்பரில்தான் சென்னை மாநிலத்துக்கு வந்தன. எங்கள் சித்தூர் தாலுகா கொச்சி ராஜ்யம். நாலு மைல் தள்ளினால் பிரிட்டிஷ்காரனின் கோயமுத்தூர் ஜில்லா. எல்லை இங்கே அடிக்கடி இடம் மாறியிருக்கிறது, துணி வாங்கப் பொள்ளாச்சிக்குப் போவது மட்டும் மாறவில்லை. அதே பத்தாண்டில் கான்பூர் மில் வேலைநிறுத்தத்தின்போது, 1938-இல், பெண் தொழிலாளிகளைச் சமாளிக்க அங்கேயும் பெண்களைச் சேர்த்தார்கள். போராடுவதும் பெண், தடுப்பதும் பெண் என்ற ஏற்பாடு அப்போதே வந்துவிட்டது. அக்காவின் அரிசிப் பை கதையும் அந்த வம்சம்தான்.

1972-இல் கிரண் பேடி ஐபிஎஸ்ஸில் சேர்ந்தார். 1975 குடியரசு தின அணிவகுப்பில் ஆண்கள் மட்டுமே இருந்த டெல்லிப் போலீஸ் அணியை நடத்திக்கொண்டு போனார். அந்தப் போட்டோ பத்திரிகைகளில் வந்தபிறகுதான் பெண் போலீஸ் என்றால் பேன்ட் என்ற படம் நம் ஆட்கள் மனதில் ஏறியது என்று நினைக்கிறேன். எங்கள் பக்கத்து மலையான இடுக்கியில் பிறந்த லத்திகா சரண் 1976-இல் தமிழ்நாடு பிரிவில் ஐபிஎஸ் சேர்ந்து, 2006-இல் சென்னைக்கு முதல் பெண் கமிஷனராகி, 2010-இல் டிஜிபியும் ஆனார். மலையாளி ஒருவர் தமிழ்நாட்டுப் போலீசை நடத்தினார், தமிழச்சி ஒருத்தி கேரளாவில் கான்ஸ்டபிள். எங்கள் கடைக்கு இரண்டும் சகஜம். ஆனால் அதிகாரிகளின் உடுப்பை நல்ல டெய்லர் பார்த்துத் தைப்பான். கான்ஸ்டபிளின் துணிக்குத்தான் வாய்ப்பாடு.

அப்பாவின் நோட்டு

அக்காவின் பேன்ட்டை மேஜைமேல் போட்டு உள்பக்கம் திருப்பினேன். அப்பாவின் கை தெரிந்தது. பின்பக்கம் இரண்டு டாட்ஸ் (உடம்பு வளைவுக்காகத் துணியைக் கிள்ளி மடித்துத் தைப்பது) பிடிக்கிற இடத்தில் நான்கு. இடுப்புப் பட்டை நேர்த்துணி இல்லை, முதுகுப் பக்கம் வளைத்து வெட்டி இரண்டு துண்டாகச் சேர்த்திருந்தார். பின் உயரம் ஆண்கள் கணக்கைவிட முழுசாக ஒரு அங்குலம் கூட. கவட்டையில், நான்கு தையல் சந்திக்கிற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு வைர வடிவத்தில் ஒரு துண்டு. அது இருந்தால் பாரம் ஒரே புள்ளியில் நிற்காது, நான்கு பக்கமும் பிரிந்துவிடும். அந்தத் துண்டின் காக்கி மட்டும் கொஞ்சம் வெளிறியிருந்தது. விரலால் தடவினேன், இழை மெல்லிசு. நிமிர்ந்து அக்காவைப் பார்த்தேன்.

"என்னோட சேலைதான் கண்ணு. மூணு எடுத்திருந்தாங்க. ஒண்ணு உங்கப்பாகிட்ட போச்சு."

அப்பாவுக்கு இது எப்படித் தெரிந்தது? அளவு நோட்டுகளை நான் தூக்கிப் போடவில்லை. தேடியதில் கிடைத்தது. 'போலீஸ்' என்று தலைப்பு, கீழே முதல் பதிவு: இடுப்பு 28, நீளம் 38, பாட்டம் (கால் முனைச் சுற்றளவு) 16. அவ்வளவுதான். மூன்றே எண். அடுத்த பக்கத்தில், பதினெட்டு நாள் கழித்து, அதே தலைப்பு: இடுப்பு 28, சீட்டு 38, தொடை, முட்டி, முன் உயரம், பின் உயரம், உட்கார்ந்தால் பின் உயரம், நீளம். எட்டு எண். இந்த இரண்டாம் பதிவு அப்பாவின் எழுத்து இல்லை, அம்மாவின் எழுத்து.

அக்கா மீதியைச் சொன்னார். முதல் பேன்ட் வந்து போட்டுப் பார்த்த அன்றைக்கே சைக்கிளில் ஏற முடியவில்லை. திருப்பிக் கொண்டுவந்தார். அப்பாவுக்கு ஒரு பெண்ணை நிற்கவைத்து அளப்பதற்குக் கூச்சம், முதல் தடவை அவரிடம் கேட்டே எழுதியிருக்கிறார். இரண்டாம் தடவை அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து, கதவைச் சாத்தி, அக்காவை நிற்கவைத்து, முக்காலியில் உட்காரவைத்து, குந்தவைத்து அளந்திருக்கிறார். 'உட்கார்ந்தால் பின் உயரம்' என்ற அளவு எந்தத் தையல் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. அம்மா அன்றைக்குக் கண்டுபிடித்தது. நானும் இத்தனை வருஷம் அதை எடுத்ததில்லை. அந்த நோட்டு என் தலைக்குமேல் பரணில்தான் இருந்தது.

வெட்டியது

மகளுக்குப் புதுத் துணியில் வெட்டினேன். பழைய பேன்ட்டில் விட்டு வைத்த துணி இல்லாததால் அதைச் சரிசெய்ய வழியில்லை.

முதல் முயற்சியில் நான் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். நான்கு டாட்ஸ் எதற்கு, முதுகுப் பக்கம் பட்டைக்குள் எலாஸ்டிக் வைத்தால் ஆள் மெலிந்தாலும் பருத்தாலும் பிடிக்குமே என்று வைத்தேன். போட்டுப் பார்க்க நன்றாக இருந்தது. இரண்டே நாளில் திரும்பி வந்தாள். அகலப் பெல்ட்டின் கனத்தில் எலாஸ்டிக் பட்டை உள்பக்கம் சுருண்டு, பெல்ட் மேலே ஏறி விலாவில் அழுத்துகிறது. சல்வாருக்குச் சரி, அரைக்கிலோ சாமான் தொங்குகிற பெல்ட்டுக்கு அது ஆகாது. பிரித்தேன். அப்பாவின் நான்கு டாட்ஸுக்கே வந்தேன், பட்டைக்குள் நல்ல கான்வாஸ் வைத்து வளைத்து வெட்டினேன். பின் உயரம் 16. பின்தையலில் ஒன்றரை அங்குலம் உள்ளே விட்டு, இரட்டைத் தையல். கவட்டையில் வைரத்துண்டு.

சட்டையும் சிக்கல்தான். ஆண்கள் சட்டையில் பாக்கெட் வைக்கிற உயரத்திலேயே வைத்திருந்தார்கள். அது அவளுக்கு மார்பின் மேட்டில் போய் உட்கார்ந்து, மூடி எழும்பி நிற்கிறது, பெயர்ப்பலகை வானத்தைப் பார்க்கிறது. அவள் அதனாலேயே தோளைக் கூனி நிற்கப் பழகியிருந்தாள், இரண்டு வருஷத்தில் முதுகே அப்படி ஆகிவிட்டது. பாக்கெட்டை இஷ்டத்துக்கு இடம் மாற்ற முடியாது, பார்ப்பவர்கள் கண்ணில் படும். பாக்கெட்டுக்கு அடியில், வெளியே தெரியாதபடி, பக்கத் தையலிலிருந்து ஒரு டாட்ஸ் பிடித்தேன். துணி உடம்போடு வளைந்தது, பாக்கெட் படிந்தது, பலகை நேராக நின்றது. தோள்பட்டையை இரண்டு பக்கமும் அரை அங்குலம் குறைத்தேன். ஸ்ட்ராப் கைமேல் வழிந்துகொண்டிருந்தது நின்றது.

சோதனைக்கு வேறு இடம் எதற்கு, கடையிலேயே நடத்தினோம். இருபது முறை குந்தி எழச் சொன்னேன். வாசலில் நிற்கிற என் ஸ்கூட்டரில் இரண்டு பக்கமும் ஏறி இறங்கினாள். கடைசியில் அவளே நூல் கண்டு வைத்திருக்கிற மரப்பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துப் பார்த்தாள். பெல்ட் அசையவில்லை. மூன்று மாசம் ஆகிறது, பேன்ட் திரும்பி வரவில்லை. அவள் வந்தாள், கூட நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு. அதில் இருவர் கோபாலபுரம் தாண்டி வருகிற தமிழ்நாட்டுப் போலீஸ். இவள் 'வனிதா ஸ்டேஷன்' என்கிறாள், அவர்கள் 'மகளிர் ஸ்டேஷன்' என்கிறார்கள். பேன்ட் இரண்டிலும் ஒரே வாய்ப்பாடுதான். ஐந்து பேருக்கும் எட்டு அளவு எடுத்தேன். சீட்டுக்கும் இடுப்புக்கும் உள்ள வித்தியாசம் ஒருத்திக்கு 8, ஒருத்திக்கு 12. ஆறு யாருக்குமே இல்லை.

வைரத்துண்டு பற்றி ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. மகளின் பேன்ட்டுக்குப் புதுத் துணியில்தான் வெட்டி வைத்திருந்தேன். அக்கா பார்த்துவிட்டு, மஞ்சள் பையிலிருந்து சேலையை எடுத்து மேஜைமேல் வைத்தார். பழைய துணி, இழை நைந்திருக்கும், தாங்காது என்றேன். "ரெட்டையா வெச்சுத் தை" என்றார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். முந்தானைப் பக்கம் போயிருந்தது. உள்கொசுவத்துத் துணி மட்டும் வெயில் படாமல் கெட்டியாக இருந்தது. அதிலிருந்து வெட்டி இரட்டையாக வைத்துத் தைத்தேன்.

நிலுவை

ஒன்று பாக்கி இருக்கிறது. வந்த நான்கு பேரில் ஒரு பெண் இப்போது ஐந்தாம் மாசம். அலுவலக வேலைக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார்கள், ஆனாலும் உடுப்பில் இருக்கவே விரும்புகிறாள். வயிற்றில் பெல்ட் கட்ட முடியாது, பெல்ட் இல்லாமல் பேன்ட் நிற்காது. சட்டையை வெளியே விட்டால் எப்படி இருக்கும், விடலாமா என்பது அவளும் மேலே கேட்டுச் சொல்லவேண்டிய விஷயம். அக்காவிடம் கேட்டால், "சேலைதான்" என்பார். அந்தப் பெண்ணுக்குச் சேலை கட்டவே தெரியாது.

பட்டையை முன்பக்கம் வயிற்றுக்குக் கீழே இறக்கி, பின்பக்கம் உயர்த்தி, பக்கவாட்டில் இரண்டு வரிசைக் கொக்கி வைத்தால் நிற்குமா என்று பழைய பேப்பரில் வரைந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த வாரம் வருகிறாள். நிற்கவைத்தும் உட்காரவைத்தும் அளக்கவேண்டும். ஏழாம் மாசத்தில் இன்னொரு தடவையும்.